பென்ஷன் வரும் என்று சும்மா இருக்கலாமா?
அரசாங்க ஊழியர்களும் கூடுதல் ஓய்வுகாலச் சேமிப்பும்



அரசாங்க வேலை என்றால் நம் குடும்பங்களில் ஒரு தனி மரியாதை. பெண் கொடுப்பவர்கள்கூட முதலில் அதைத்தான் கேட்பார்கள். காரணம் சம்பளம் அல்ல, பென்ஷன். நம் தாத்தாமார்கள் ரப்பர் தோட்டத்தில் உழைத்தபோது அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி, அதாவது இ.பி.எப். தொடங்கப்பட்ட பிறகுதான் தோட்டத் தொழிலாளிக்குக் கடைசிக் காலத்தில் கையில் ஒரு தொகை என்ற நிலை வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் ஆசிரியராகவோ தாதியாகவோ ஆனதும், "இனி உனக்குக் கவலை இல்லை, சாகும்வரை அரசாங்கம் சோறு போடும்" என்று பெரியவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த நிம்மதியில் உண்மை உண்டு. ஆனால் அந்த நிம்மதியே ஓர் ஆபத்தையும் கொண்டு வந்திருக்கிறது. பென்ஷன் உள்ள ஊழியர்களில் பலர், "கூடுதல் ஓய்வுகாலச் சேமிப்பெல்லாம் தனியார் துறைக்காரர்களுக்கு, நமக்குத் தகுதி இல்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. யாருக்கு எந்தச் சேமிப்பில் தகுதி உண்டு, யார் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரே ஊர், நான்கு வகை ஊழியர்

மெர்சிங்கை எடுத்துக்கொள்வோம். சிறிய ஊர்தான். தியோமான் தீவுக்குப் படகு ஏறும் துறை, மீன்பிடிப் படகுகள், ஒரு மருத்துவமனை, மாவட்ட அலுவலகம், மாவட்ட மன்றம், பள்ளிக்கூடங்கள். எண்டாவ், ஜெமாலுவாங் பக்கமிருந்தும் இங்கே வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. இங்கே "அரசாங்கத்தில் வேலை" என்று சொல்கிறவர்களை வரிசையாக நிற்க வைத்தால், ஓய்வுகாலத்தைப் பொறுத்தவரை அவர்கள் நான்கு வகையாகப் பிரிவார்கள்.

முதல் வகை, பென்ஷன் தகுதி பெற்ற நிரந்தர ஊழியர். ஆசிரியர், தாதி, மாவட்ட அலுவலகக் குமாஸ்தா போன்றவர்கள். இவர்களுடைய ஓய்வூதியம் 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம், 227-ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. மாவட்ட மன்றத்தின் நிரந்தர ஊழியருக்கு அதே ஆண்டில் வந்த 239-ஆம் சட்டம். ஊராட்சி மன்றங்களும் சட்டப்பூர்வ அமைப்புகளும் தங்கள் பென்ஷன் ஊழியர்களுக்காக அடிப்படைச் சம்பளத்தில் 17.5 விழுக்காட்டை ஓய்வூதிய நிதிக்குச் செலுத்துகின்றன. குவாப் என்று நாம் சொல்லும் அந்த நிதி இன்றைய வடிவில் 2007 மார்ச் முதல் தேதி அமைந்தது. கவனியுங்கள், ஊழியர் தம் சம்பளத்திலிருந்து பென்ஷனுக்கு ஒரு காசும் கட்டுவதில்லை.

இரண்டாம் வகை, நிரந்தர ஊழியர்தான். ஆனால் பென்ஷன் வேண்டாம், இ.பி.எப். போதும் என்று எழுதிக் கொடுத்தவர். 1991 ஏப்ரல் 12 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தேர்வு கொடுக்கப்பட்டது. இவர்களுக்கு ஓய்வு பெறும்வரை இ.பி.எப். சந்தா தொடரும்.

மூன்றாம் வகை, ஒப்பந்த ஊழியர். 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டது நமக்குத் தெரியும். அது தவிர, 2024 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து புதிதாகப் பொதுச் சேவையில் சேர்கிறவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை கிடையாது, இ.பி.எப். முறைதான் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டு ஜனவரியில் துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி இதைச் சொன்னபோது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லை என்றும் விளக்கம் தரப்பட்டது. ஆகவே ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்யும் இரண்டு தாதிகளில், அக்காவுக்குப் பென்ஷன் இருக்கும், தங்கைக்கு இருக்காது.

நான்காம் வகையை நாம் மறந்துவிடுகிறோம். பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்கிறவர், மருத்துவமனை வாசலில் காவல் நிற்கிறவர். அரசாங்கக் கட்டடத்தில்தான் வேலை. ஆனால் சம்பளம் கொடுப்பது குத்தகை நிறுவனம். சட்டப்படி இவர் தனியார் ஊழியர். பென்ஷன் இல்லை, இ.பி.எப். கட்டாயம் உண்டு. அந்தச் சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். குத்தகை கைமாறும்போதெல்லாம் இவர் தம் இ.பி.எப். கணக்கைப் பார்க்க வேண்டும்.

"நான் எந்த வகை?" என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், நியமனக் கடிதத்தையும் மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். இ.பி.எப். பிடித்தம் இருக்கிறதா, பென்ஷன் தகுதிக் கடிதம் கையில் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் போதும்.

பென்ஷன் கணக்கு இதுதான்

பென்ஷன் வரும், வரும் என்கிறோமே, எவ்வளவு வரும்? கணக்கு கடினமானதல்ல. சேவை செய்த மாதங்களை 600-ஆல் வகுத்து, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கப்படும் மாதங்களுக்கு 360 என்று உச்சவரம்பு உண்டு. அதாவது, என்னதான் உழைத்தாலும் கடைசிச் சம்பளத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் பென்ஷன் கிடையாது.

கடைசி அடிப்படைச் சம்பளம் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு முழுதாக வேலை செய்தவருக்கு மாதம் 2,400 வெள்ளி. முப்பத்தைந்து வயதில் சேர்ந்து அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு 25 ஆண்டு, 300 மாதம். அவருக்கு 2,000 வெள்ளி. நாற்பத்திரண்டு வயதில் சேர்ந்தவருக்கு 18 ஆண்டு, 216 மாதம். அவருக்கு 1,440 வெள்ளி. ஒரே நாற்காலி, ஒரே சம்பளம், ஒரே நாளில் ஓய்வு. ஆனால் பென்ஷனில் மாதம் 960 வெள்ளி வித்தியாசம்.

இதோடு பணிக்கொடை உண்டு. சேவை மாதங்களையும் கடைசிச் சம்பளத்தையும் பெருக்கி அதில் 7.5 விழுக்காடு. மேலே சொன்ன 25 ஆண்டுக்காரருக்கு 90,000 வெள்ளி ஒரே தடவையாகக் கிடைக்கும். ஓய்வூதியர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கு வாரிசு ஓய்வூதியம் உண்டு. மருத்துவ வசதியும் உண்டு. இவை பெரிய வரம். குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பென்ஷன் கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான். வீட்டு அலவன்ஸ், வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் எல்லாம் ஓய்வோடு நின்றுவிடும். நீங்கள் கையில் வாங்கிய தொகையோடு ஒப்பிட்டால் 60 விழுக்காடு என்பது பாதிக்கும் கீழே போய்விடலாம்.

இரண்டு, இடையில் வேலையை ராஜினாமா செய்தால் அல்லது ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனால் பென்ஷனும் போகும். எந்த அதிகாரிக்கும் பென்ஷன் முழு உரிமையாகிவிடாது என்று 227-ஆம் சட்டமே சொல்கிறது.

மூன்று, கொடுக்கப்படும் பென்ஷன் எப்படி உயரும் என்பதும் சட்டத்தைப் பொறுத்தது. 2013-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏற்றம் என்ற முறை வந்தது. அதற்கு முன்பு, வேலையில் இருப்பவர்களின் சம்பளம் திருத்தப்படும்போது பென்ஷனும் அதை ஒட்டித் திருத்தப்பட்டது. புதிய முறையால் தமக்கு நட்டம் என்று அமினா அகமட் என்ற ஓய்வு பெற்ற அதிகாரியும் வேறு சில ஓய்வூதியர்களும் வழக்குத் தொடுத்தார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 147-ஆவது விதி ஓய்வூதிய உரிமையைப் பாதுகாக்கிறது என்பது அவர்கள் வாதம். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 27-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நியாயம் கிடைத்தது; ஆனால் பத்து ஆண்டு கழித்து. அந்தப் பத்து ஆண்டும் வீட்டுக்கு அரிசி வாங்கத்தானே வேண்டும்? பென்ஷனை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சேமிப்பு நின்றுபோகும் நாள்

இப்போது நான் சொல்லப் போவதுதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி.

பென்ஷன் திட்டத்தில் இருக்கும் ஊழியர் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டுகளில் இ.பி.எப். கட்டிக்கொண்டிருப்பார். மாதாமாதம் 11 விழுக்காடு அவருடைய சம்பளத்திலிருந்து போகும். வேலை உறுதியாகி, மூன்றாண்டு சேவையும் முடிந்து, பென்ஷன் தகுதி வழங்கப்பட்டதும் என்ன நடக்கிறது? சந்தா நின்றுவிடும். அதுவரை அரசாங்கம் கட்டிய பங்கு, அதன் இலாப ஈவோடு குவாப் நிதிக்குத் திரும்பிப் போய்விடும். ஊழியர் கட்டிய பங்கு அவருடையது. விரும்பினால் அதை எடுத்துக்கொள்ள இ.பி.எப். அனுமதிக்கிறது.

அன்றைக்கு ஊழியருக்கு இரட்டைக் கொண்டாட்டம். கையில் வரும் சம்பளம் 11 விழுக்காடு கூடுகிறது. இ.பி.எப்.பில் இருந்த தொகையும் கைக்கு வருகிறது. அதைக் கொண்டு மோட்டார் வண்டி மாற்றுகிறார்கள், வீட்டுக்குப் புதுச் சாமான் வாங்குகிறார்கள், தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுக்கிறார்கள். தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாளிலிருந்து அவருடைய வாழ்க்கையில் கட்டாயச் சேமிப்பு என்று ஒன்றுமே இல்லை. எஸ்டேட்டில் வேலை செய்த தகப்பனாருக்கு மாதாமாதம் சேர்ந்துகொண்டே வந்தது. அரசாங்க உத்தியோகம் பார்க்கும் மகனுக்குச் சேர்வது நின்றுவிட்டது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,500 வெள்ளி சம்பளத்தில் 11 விழுக்காடு 275 வெள்ளி. மூன்றாண்டில் 9,900 வெள்ளி. இலாப ஈவோடு பத்தாயிரத்தைத் தாண்டும். அந்தப் பத்தாயிரத்தை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இ.பி.எப். வழக்கமான கணக்கின் இலாப ஈவு 2020-இல் 5.20, 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு. நாம் வெறும் 5 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டில் அந்தப் பத்தாயிரம் ஏறக்குறைய 43,000 வெள்ளியாகும். ஒரு காசு கூடப் போடாமலேயே!

இன்னொரு கணக்கு. சந்தா நின்றதால் கையில் கூடுதலாக வரும் 275 வெள்ளியில் 75 வெள்ளியைச் செலவுக்கு வைத்துக்கொண்டு, 200 வெள்ளியை மட்டும் மாதாமாதம் போட்டு வந்தால், 25 ஆண்டில் நீங்கள் போட்டது 60,000 வெள்ளி. அதே 5 விழுக்காட்டில் அது ஏறக்குறைய 117,000 வெள்ளியாக நிற்கும். எதிர்கால இலாப ஈவுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வழக்கமான கணக்குக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 2.5 விழுக்காடுதான். இருந்தாலும் சிறு துளி பெருவெள்ளம் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டுமா?

ஆகவே பென்ஷன் தகுதிக் கடிதம் வரும் நாளில் இரண்டு காரியம் செய்யுங்கள். இ.பி.எப்.பில் உள்ள உங்கள் பங்கைத் தொடாதீர்கள். நின்றுபோன சந்தாவில் ஒரு பகுதியையாவது அந்த மாதமே வேறு வழியில் தொடருங்கள். கூடிய சம்பளத்துக்கு வீடு பழகிவிட்டால், பிறகு குறைக்க மனம் வராது.

பென்ஷன்காரருக்குத் திறந்திருக்கும் கதவுகள்

சரி, எங்கே போடுவது? பென்ஷன் தகுதி பெற்றவருக்கு அனுமதி உண்டா? உண்டு. முக்கியமாக இரண்டு கதவுகள்.

முதலாவது, இ.பி.எப். விருப்பச் சந்தா. இ.பி.எப். கட்டாயம் இல்லை என்பதற்கும் அனுமதி இல்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பென்ஷன் தகுதி பெற்ற அரசாங்க ஊழியர் தம் பழைய கணக்கிலேயே விருப்பப்பட்டு பணம் போடலாம். மாதம் இவ்வளவு என்று கட்டாயம் இல்லை. ஆண்டுக்கு 60,000 வெள்ளி என்று இருந்த உச்சவரம்பு அண்மை ஆண்டுகளில் 100,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மெர்சிங்கிலிருந்து இதற்காகப் பெரிய ஊருக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, இ.பி.எப். செயலி வழியாகவோ வங்கி இணையச் சேவை வழியாகவோ கட்டிவிடலாம்.

ஆனால் போட்ட பணம் பூட்டிய பணம். 2024 மே 11 முதல், 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சந்தா மூன்று கணக்காகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுகாலக் கணக்கு, 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்கு, 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்கு. அந்தப் பத்து விழுக்காட்டை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு வேண்டிய பணத்தை இங்கே போடாதீர்கள்.

இரண்டாவது, தனியார் ஓய்வூதியத் திட்டம். பி.ஆர்.எஸ். என்பார்கள். 2012 ஜூலையில் தொடங்கப்பட்டது. பெயரில் "தனியார்" என்று இருப்பதால் தனியார் துறை ஊழியருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 18 வயது நிரம்பிய எவரும் சேரலாம். பென்ஷன் இருப்பவர், இல்லாதவர், சொந்தத் தொழில் செய்பவர் எல்லாரும். நிதியை நிர்வகிப்பவர்கள் தனியார் நிறுவனங்கள். அவர்களுக்கு அனுமதி கொடுத்துக் கண்காணிப்பது பங்குப் பத்திர ஆணையம்.

இதில் போடும் பணத்தில் 70 விழுக்காடு 'ஏ' கணக்கு, 30 விழுக்காடு 'பி' கணக்கு. 55 வயது வரை 'ஏ' கணக்கைத் தொட முடியாது. 'பி' கணக்கிலிருந்து முன்கூட்டியே எடுத்தால் 8 விழுக்காடு வரி பிடிப்பார்கள். வீடு, மருத்துவம் போன்ற காரணங்களுக்கு அந்த வரி இல்லை. முக்கியமான வேறுபாடு: இ.பி.எப்.பில் ஆண்டுதோறும் இலாப ஈவு அறிவிக்கிறார்கள், இங்கே அப்படி இல்லை. முதலீட்டின் விலை ஏறும், இறங்கும். நிர்வாகக் கட்டணமும் உண்டு. ஓய்வுக்கு இருபது ஆண்டு இருப்பவர் இறக்கத்தைத் தாங்கலாம். இரண்டு ஆண்டு மட்டுமே இருப்பவர் பங்குச் சந்தையை அதிகம் நம்பும் நிதியில் பணிக்கொடையைக் கொட்டக்கூடாது.

பி.ஆர்.எஸ்.ஸின் கவர்ச்சி வரி விலக்கில். ஒத்திவைக்கப்பட்ட ஆண்டுத்தொகைக் காப்புறுதியையும் சேர்த்து ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை கழிவு உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இந்தச் சலுகை 2030 மதிப்பீட்டு ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டது. இதைத் தவிர இ.பி.எப். சந்தாவுக்கு 4,000 வெள்ளி வரை கழிவு. விருப்பச் சந்தாவும் இதில் சேரும். ஆயுள் காப்புறுதி அல்லது கூடுதல் விருப்பச் சந்தாவுக்கு இன்னொரு 3,000 வெள்ளி. ஆனால் ஒன்று. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு வரிக்கழிவால் ஒரு பயனும் இல்லை. "வரி மிச்சம்" என்று சொல்லி முகவர் வந்தால், "நான் வரி கட்டுகிறேனா?" என்று முதலில் உங்களையே கேளுங்கள்.

பென்ஷன் இல்லாதவர்களுக்கு

இரண்டாம், மூன்றாம், நான்காம் வகை ஊழியர்களுக்குக் கட்டாய இ.பி.எப். இருக்கிறது. ஊழியர் 11 விழுக்காடு. முதலாளி சட்டப்படிக் குறைந்தது, 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு. மேலே சொன்ன இரண்டு கதவுகளும் இவர்களுக்கும் திறந்தே இருக்கின்றன.

ஆனால் இவர்களுடைய நிலைமை வேறு. பென்ஷன்காரருக்குக் கூடுதல் சேமிப்பு என்பது குழம்புக்கு மேல் ஊற்றும் நெய். இவர்களுக்கு இ.பி.எப்.தான் சோறு. பென்ஷன் எத்தனை வயது வாழ்ந்தாலும் வரும். இ.பி.எப். எடுத்தால் தீர்ந்துவிடும். ஆகவே 2024-க்குப் பிறகு சேர்ந்த இளைஞர்கள், நெகிழ்வுக் கணக்கில் இருக்கிறதே என்று மாதாமாதம் சுரண்டி எடுக்காமல் இருப்பதே முதல் கூடுதல் சேமிப்பு. ஒப்பந்தம் முடிந்து அடுத்த வேலை கிடைக்கும்வரை சந்தா விட்டுப்போகும் மாதங்களை, பிறகு விருப்பச் சந்தாவால் நிரப்புங்கள்.

மெர்சிங் மக்களுக்கு இது புரியும். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் படகு கடலுக்குப் போகாது என்று மீனவருக்குத் தெரியும். அதனால் அதற்கு முந்திய மாதங்களிலேயே வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். ஒப்பந்த ஊழியரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் இன்னொருவரையும் பாருங்கள். மனைவி தாதி, கணவர் படகு ஓட்டுகிறார் அல்லது சாப்பாட்டுக்கடை நடத்துகிறார் என்றால், கணவருக்கு ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. முதலாளி இல்லாமல் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கான இ.பி.எப். திட்டம் இது. அவர் போடும் தொகைக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை சேர்க்கிறது. 2025 வரவு செலவுத் திட்டம் அதை 20 விழுக்காடாக, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை என்று உயர்த்தியது. ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால் முழு 500 வெள்ளியும் கிடைக்கும் கணக்கு. சம்பள வேலையில் உள்ள மனைவிக்கு இதில் இடமில்லை, கணவருக்கு உண்டு. தகுதி என்பது ஆளுக்கு ஆள்தான், வீட்டுக்கு வீடு அல்ல.

வெளியே என்ன நடக்கிறது?

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு சேர்ந்த அரசு ஊழியர்கள் பழைய ஓய்வூதியத்திலிருந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். இந்திய மத்திய அரசும் 2004 ஜனவரி முதல் தேதியிலிருந்து அப்படிச் செய்தது. ஊழியர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் உறுதியான தொகை தரும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு தேர்வாக வந்தது. பக்கத்தில் சிங்கப்பூரில் மத்திய சேமநிதிக்கு மேல், விருப்பப்பட்டுச் சேரும் துணை ஓய்வூதியத் திட்டம் 2001-இல் வந்தது. அமெரிக்காவில் மாநில அரசு ஊழியர்களுக்கும் ஊராட்சி ஊழியர்களுக்கும் பென்ஷனோடு சேர்த்து, 457 என்ற வரிச்சட்டப் பிரிவின் பெயரால் அழைக்கப்படும் துணைச் சேமிப்புத் திட்டங்கள் உண்டு.

அங்கே அந்தத் துணைச் சேமிப்பை வேலை செய்யும் அலுவலகமே சம்பளத்தில் பிடித்து அனுப்பிவிடுகிறது. ஊழியர் ஒரு முறை கையெழுத்துப் போட்டால் போதும். நம்மிடம் பென்ஷன் ஊழியருக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போகமாட்டார்கள். நாமேதான் நடக்க வேண்டும். சம்பளம் வரும் நாளிலேயே வங்கியில் தானாகப் போகும்படி நிரந்தர உத்தரவு கொடுத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போல.

வழக்கமாக வரும் கேள்விகள்

"எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது. இனிப் பயன் உண்டா?" உண்டு. அரசாங்க ஊழியரின் கட்டாய ஓய்வு வயது 2001-இல் 56, 2008-இல் 58, 2012-இல் 60 என்று உயர்ந்து வந்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் ஏழு ஆண்டு சம்பளம் இருக்கிறது. ஆனால் அந்த வயதில் முதல் வேலை கடனை அடைப்பது. கூட்டுறவுக் கடனுக்கு அங்காசா வழியாக மாதாமாதம் பிடித்தம் போய்க்கொண்டிருக்கும்போது, அதைவிடக் குறைந்த வருமானம் தரும் சேமிப்பில் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

"தனியார் கம்பெனியில் பத்து ஆண்டு இருந்துவிட்டு அரசாங்கத்துக்கு வந்தேன். பழைய இ.பி.எப். என்ன ஆகும்?" அது உங்களுடையது. குவாப் நிதிக்குத் திரும்புவது அரசாங்கம் உங்களுக்காகக் கட்டிய பங்கு மட்டும்தான். உங்களைப் போல் தாமதமாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் பென்ஷன் குறைவு. ஆகவே அந்தப் பழைய பணத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுங்கள்.

"ஓய்வு பெற்றவுடன் பணிக்கொடையைக் கேட்டு ஆள் வருகிறார்கள். மாதம் பத்து விழுக்காடு தருகிறேன் என்கிறார்களே?" மாதம் பத்து விழுக்காடு கொடுக்க எந்த நேர்மையான தொழிலாலும் முடியாது. இ.பி.எப். ஓர் ஆண்டு முழுதும் கொடுப்பதே ஐந்து, ஆறு விழுக்காடு. பங்குப் பத்திர ஆணையம் உரிமம் இல்லாதவர்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிடுகிறது. முதலில் அதைப் பாருங்கள். தெரிந்தவர், உறவுக்காரர், கோயிலில் பார்த்தவர் என்பதெல்லாம் உரிமம் ஆகாது.

"நான் இறந்தால் யாருக்குப் போகும்?" வாரிசு ஓய்வூதியம் சட்டப்படிப் போகும். இ.பி.எப். பணத்துக்கு நீங்கள் நியமனம் எழுதியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதியவர்கள், அம்மா காலமான பிறகும் மாற்றாமல் இருக்கிறார்கள். பிறகு மனைவியும் பிள்ளைகளும் அலைய வேண்டியிருக்கிறது. பத்து நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியது

மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். உங்கள் அலுவலகப் பணியாளர் பிரிவில், ஓய்வு பெறும் நாளில் எத்தனை மாதச் சேவை கணக்கில் வரும் என்று கேளுங்கள். அதை 600-ஆல் வகுத்து, உங்களுக்கு வரப்போகும் பென்ஷனை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், இன்று வீட்டுக்கு ஆகும் மாதச் செலவை எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நீங்கள் நிரப்ப வேண்டியது. அதற்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்விக்கு, நீங்கள் எந்த வகை ஊழியராக இருந்தாலும், பதில் "இருக்கிறது" என்பதுதான்.

அரசாங்கம் தருவதை நன்றியோடு வாங்கிக்கொள்வோம். அதற்கு மேல் வேண்டியதை நம் கையால் சேர்ப்போம். இன்று இருபத்தெட்டு வயதில் இருக்கும் தம்பி, தங்கைகளே, உங்களிடம் பணம் குறைவாக இருக்கலாம். ஆண்டுகள் நிறைய இருக்கின்றன. சேமிப்பில் பணத்தைவிட ஆண்டுகளுக்குத்தான் பலம் அதிகம்.